பழைய லேப்டாப்பில் பாட்டியின் தாலாட்டு

2 ஜிபி ராம் மட்டுமே உள்ள என் பழைய லேப்டாப்பில், பாட்டியின் தாலாட்டுகளைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் ஏற்றது?
— வாசகி, திருவையாறு

ஆடாசிட்டியே போதும், சகோதரி. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள் அது; அதன் புதிய பதிப்பு உங்கள் கணினிக்குப் பாரமாகத் தோன்றினால், 2.x வரிசையைச் சேர்ந்த பழைய பதிப்பொன்றைத் தாராளமாக நிறுவிக்கொள்ளலாம். பதிவைத் தொடங்குமுன் ‘மோனோ’வைத் தேர்ந்து, இயல்பாக 32 பிட்டில் நிற்கும் அமைப்பை 16 பிட்டாக மாற்றி, 44,100 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால், ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறக்குறைய 320 எம்பி இடமே செலவாகுமாதலால், ஹார்ட் டிஸ்க்கின் சிரமம் குறைந்து, இடையிடையே ஒலி அறுபடும் அபாயமும் பெரிதும் நீங்கும். பிரௌசரை அச்சமயம் மூடிவிடுங்கள். விசிறியின் இரைச்சல்தான் மெய்யான சத்துரு. ஆகையால் தனி மைக் ஒன்றை லேப்டாப்பிலிருந்து விலக்கிப் பாட்டியருகே வையுங்கள். மூலப்பதிவை வேவ் கோப்பாகவே பென்டிரைவிலும் பிரதி செய்துவைப்பது அவசியம்.