வணிகப் பகுதியில் ஒரு பூங்கா

நகரின் கடைவீதிகளில் நிலத்தின் விலை உயர உயர, அங்குள்ள பூங்கா பயனின்றிக் கிடக்கும் நிலமாகவே பலருக்குத் தோன்றுகிறது. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்து செல்லும் திருப்பதியிலும், அருகிலுள்ள சித்தூரிலும் இக்கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது. இதனை ஆராய்வதற்குச் சென்னைத் தியாகராய நகரின் பனகல் பூங்கா தக்கதொரு சான்றாகும். இப்பூங்கா யாருடைய பெயரைத் தாங்கியுள்ளதோ, அந்தப் பனகல் அரசர் இன்றைய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த காளஹஸ்தியில் 1866-இல் பிறந்தவர். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியவர்.

திட்டத்தில் பிறந்த பூங்கா

1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தையொட்டி, 1923 முதல் மாம்பலம் ஏரிப் பகுதி குடியிருப்பாக மாற்றப்பட்டது. வீதிகள் வந்து கூடும் மையத்தில் சுமார் 8 ஏக்கர் நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் வீடுகள் இருந்த இடங்களில் பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும் பெருகின. மனைப்பிரிவின்போதே இடம் ஒதுக்கப்பட்டிராவிடில், பிற்காலத்தில் இவ்வளவு நிலத்தை அங்கே விலைகொடுத்து வாங்குவது அரிதாகியிருக்கும்.

பயன்கள்

கடைக்கு வருவோர் மட்டுமன்றி, கடைச் சிப்பந்திகளும் நடைபாதை வியாபாரிகளும் காசு கொடுக்காமல் அமர்ந்து இளைப்பாறுவதற்குப் பொது இடம் வேண்டும். மர நிழலும், இலைகள் வெளிவிடும் ஈரமும் சுற்றுப்புற வெப்பத்தைத் தணிக்கின்றன. சிமெண்டு மூடாத மண் மழைநீரை உறிஞ்சுகிறது. ஏரிப்படுகையில் எழுந்த பகுதிக்கு இது சிறு உதவியன்று.

பாதுகாப்பு

தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம், பட்டியலிடப்பட்ட பூங்காவை அரசின் முன் அனுமதியின்றி வேறு பணிக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாதென 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தத்துடன் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், பூங்கா அமைத்தல் நகராட்சிப் பணிகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

எனினும் பொதுநலப் பணிகளுக்கிடையேயும் போட்டி எழுகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், நிலத்தடி நிலையம் அமைப்பதற்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதியே எடுத்துக்கொள்ளப்பட்டது. இத்தகைய தருணங்களில் எவ்வளவு நிலம் திரும்பக் கிடைக்கும், எத்தனை மரங்கள் மீண்டும் நடப்படும் என்பவற்றைப் பணி தொடங்குமுன்பே எழுத்தில் வரையறுத்தல் இன்றியமையாதது.

செய்யத்தக்கவை

2007-இல் மாநகராட்சியான திருப்பதிக்கும், 2012-இல் அந்நிலை பெற்ற சித்தூருக்கும் இதிலிருந்து மூன்று படிப்பினைகள் உண்டு. புதிய மனைப்பிரிவுகளில் திறந்தவெளியை முதலிலேயே ஒதுக்கிப் பதிவு செய்தல் வேண்டும். நெருக்கமான பழைய கடைவீதிகளில் சில சென்ட் அளவுள்ள பொது நிலத்திலேனும் நிழலும் இருக்கையும் குடிநீரும் அமைத்தல் வேண்டும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு செய்தல் வேண்டும். கவனிப்பாரற்ற பூங்காவே முதலில் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகிறது; மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பூங்காவுக்கு அம்மக்களே காவலராகின்றனர்.