சவலைக் குஞ்சும் அதன் பராமரிப்பும்

ஒரே அடையில் பொரித்த பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுள் ஒன்று மட்டும், மூன்றாம் வாரத்திலும் முதல் வாரத்துக் குஞ்சு போலவே காணப்படுவதுண்டு. மற்றவை இறகு முளைத்துக் கொல்லையெங்கும் திரிகையில், இது இறக்கையைத் தொங்கவிட்டு ஓர் ஓரத்தில் ஒடுங்கி நிற்கும். நாட்டுப்புறத்தில் இதனைச் சவலை என்பர். தாய்ப்பால் போதாது மெலிந்த பிள்ளைக்கு வழங்கும் சொல்லே குஞ்சுக்கும் வழங்குவது பொருத்தமானதே. இதற்கு நேர்ந்திருப்பதும் பெரும்பாலும் ஊட்டக் குறைவேயாகும்.

நம் அங்கத்தினர் இல்லங்களில் இத்தகைய குஞ்சைக் குறித்து இருவகை முடிவுகளையே காண்கிறோம். ஒன்று, தலையெழுத்தென்று விட்டுவிடுதல். மற்றொன்று, இரக்கத்தால் மடியில் வைத்து அரிசி ஊட்டுதல். இரண்டிலும் காரணத்தை ஆராயும் முயற்சி இல்லை. தறியோடு சேர்த்துப் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பத்திற்கு ஒரு குஞ்சின் இழப்பு முட்டை வருவாயில் பத்தில் ஒரு பங்கு. அதனினும் பெரிய அபாயம், அந்த ஒன்றை வளரவிடாது தடுத்த காரணம் எஞ்சிய ஒன்பதினிடமும் மறைவாகத் தொழிற்படலாம் என்பது. சங்கக் கணக்கில் தவணை தவறிய ஒரு சிறு கடனைக் கண்டால், தணிக்கையாளர் அந்த ஒரு பேரேட்டுப் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை அன்றோ?

முதற்கண், அது உண்மையிற் சவலைதானா என்று தெளிய வேண்டும். சிறுவிடை முட்டையையும் பெருவிடை முட்டையையும் ஒரே கோழியின் கீழ் அடை வைத்தால் குஞ்சுகளில் ஏற்றத்தாழ்வு தோன்றுவது இயல்பே. பெட்டைக் குஞ்சு சேவற் குஞ்சைவிடச் சிறுத்தே வளரும். பொரிக்கும்போது குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இருக்கும். ஆகவே, இளம்பெட்டை முதன்முதல் இட்ட சிறு முட்டையினின்று வரும் குஞ்சும் சிறிதாகவே இருக்கும். இவ்வாறு சிறிதாயினும் சுறுசுறுப்பாக ஓடி இரை பொறுக்கும் குஞ்சைப்பற்றிக் கவலை வேண்டா.

சோர்ந்த குஞ்சாயின் கையிலெடுத்து நன்கு பார்க்க வேண்டும். மாலையில் கூட்டில் அடைக்கும் நேரமே இதற்கு ஏற்றது. கழுத்தடியிலுள்ள இரைப்பையை விரலால் தொட்டால், நாள் முழுதும் அது தின்றதா இல்லையா என்பது தெரியும். அந்நேரத்தில் அது வெறுமையாயிருப்பின் குஞ்சு பட்டினி கிடக்கிறது. காலையிலும் கெட்டியாக அடைத்திருப்பின் இரை இறங்கவில்லை. மேலலகும் கீழலகும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது விலகியிருந்தால், பரப்பிய தீவனத்தைக் கொத்தியெடுக்க அதனால் இயலாது. ஆழமான கிண்ணத்தில் நிறைய இட வேண்டும். மலத்துவாரத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல நீக்க வேண்டும், பிய்த்தெடுத்தலாகாது. நெசவாளர் வீடுகளுக்கென்றே உரிய ஒரு தொல்லையும் உண்டு. கழிவு நூலைப் புழுவென்று கருதிக் குஞ்சு விழுங்கும். நூல் நாவின் அடியிலோ விரல்களிலோ சுற்றிக்கொள்ளும். வளர வளர அது இறுகிக் குஞ்சு நொண்டும். தீனிக்கு ஓட மாட்டாது. வாயைத் திறந்தும் விரலிடுக்கை விரித்தும் பார்க்காமல் இதனைக் கண்டறிய முடியாது.

உடலிற் குறை காணாவிடில் இருப்பிடத்தை நோக்குக. தாயின்றி வளர்க்கும் குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஐந்து டிகிரியாகக் குறைத்து வரலாம். குளிரால் நெருக்கியடித்துக் கிடக்கும் கூட்டத்தில் வலியவை நடுவிலும் மெலிந்தது புறத்திலும் அகப்படும். தறிக்குழி ஓரம் நிழலாயிருக்கிறதென்று குஞ்சுகளை அங்கு விடுகின்றனர். அவ்விடத்துக் குளிர்ச்சியும் ஈரமும் இளங்குஞ்சுக்கு ஆகா.

தீனித்தட்டில் நிகழும் போட்டி இன்னொரு காரணம். கோழிக் கூட்டத்தில் எது எதனைக் கொத்தலாம் என்ற வரிசை முறையொன்று உண்டென்பதை நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே என்பவர் 1920-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். வரிசையின் கடைசியிலுள்ளது, பிற தின்று நகரும்வரை காத்திருக்கும். தட்டு சிறிதாயின் மிச்சம் இராது. முதலிரு வாரங்களில் குஞ்சு ஒன்றுக்கு ஓர் அங்குலமும், பின்னர் இரண்டு அங்குலமும் தட்டோரத்தில் இடமிருக்க வேண்டும். தட்டு ஒன்றுக்குப் பதிலாக இரண்டாக இருப்பின் மிக நன்று. எத்துணை வலிய குஞ்சும் ஒரே நேரத்தில் இரு தட்டுகளைக் காவல் காக்க இயலாது.

தீவனத்தின் தரத்தைப்பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டியுள்ளது. குருணையும் வடித்த கஞ்சியும் வயிற்றை நிரப்பும், வளர்ச்சி தாரா. குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு இருபது பங்கையொட்டிப் புரதம் வேண்டும். அரிசியில் அதன் பாதியும் இல்லை. இக்குறையை ஈடுசெய்யக் கடலைப் பிண்ணாக்குச் சேர்ப்பது நல்லதே; ஆயின் ஈரம்பட்டுப் பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து தருவித்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணமெனப் பின்னர் கண்டறிந்து அதற்கு அஃப்ளடாக்சின் எனப் பெயரிட்டனர். இந்நஞ்சு சிறிதளவே சேரினும் ஈரலைக் கெடுத்து வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கொதிக்க வைப்பதாலோ வெயிலில் உலர்த்துவதாலோ முற்றும் நீங்கிவிடாது. பூசணம் கண்ட பிண்ணாக்கை, விலை கொடுத்து வாங்கினோமே என்று எண்ணாது எறிந்துவிடுக.

மூன்று முதல் ஆறு வார வயதில் குஞ்சு கூம்பி நின்று, எச்சத்தில் இரத்தம் காணின் அது இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஈரமான கூளமே இதற்கு விளைநிலம். கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்து பெறுக. ஆம்ப்ரோலியம் என்னும் மருந்தை நீரிற் கலந்து கொடுக்கச் சொல்வதுண்டு. அது பி1 உயிர்ச்சத்தைப் போன்ற அமைப்புடையது. கிருமியை ஏமாற்றிப் பட்டினியிடுவது. எனவே மருந்து கொடுக்கும் நாட்களில் அச்சத்துள்ள டானிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் பயன் குறைந்துவிடும். இத்தகைய குஞ்சைத் தனியே வைத்து, அதனைக் கவனித்தபின் கைகழுவிய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

நோயில்லையெனத் தெளிந்தபின், சவலையைப் பிரித்து வளர்க்கலாம். ஆனால் முற்றிலும் தனிமையில் அடைத்தல் தவறு. தனிக் குஞ்சு ஓயாது கத்தி இரையை மறக்கும். ஒரு சாதுவான துணைக்குஞ்சுடன் பஞ்சாரத்தின்கீழ், மற்றவை கண்ணுக்குத் தெரியுமாறு கவிழ்த்து வைத்தலே நலம். நல்ல குஞ்சுத் தீவனத்துடன், அவித்து நசுக்கிய முட்டை சிறிதும், பொடியாக அரிந்த முருங்கைக் கீரையும் கொடுக்கலாம். பழைய பானையில் வைக்கோலும் சாணமும் நனைத்திட்டு இரவில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் சேர்ந்திருக்கும். காசின்றிக் கிடைக்கும் சிறந்த புரதம் அது. பூச்சிமருந்து தெளித்த இடத்தில் மட்டும் பானையை வைத்தலாகாது. ஊட்டுகிறோம் என்று வாயைப் பிளந்து திணித்தல் வேண்டா. மூச்சுக்குழலில் புகுந்தால் குஞ்சு இறந்துபடும்.

தேறுகிறதா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும். சரிகை நிறுக்கும் சிறு தராசு நம்மிற் பலரிடம் உண்டு. வாரம் ஒருமுறை, காலையில் தீனிக்கு முன், சவலையையும் நடுத்தரமான மூன்று குஞ்சுகளையும் நிறுத்து எழுதி வருக. இந்த வாரம் மற்றவை 100 கிராமும் சவலை 60 கிராமும் இருந்து, அடுத்த வாரம் முறையே 150 கிராமும் 100 கிராமும் ஆயின என்று கொள்வோம். வேறுபாடு 40-இலிருந்து 50 கிராமாகக் கூடிவிட்டதே என மனம் தளரத் தோன்றும். ஆயினும் நூற்றுக்கு 60 ஆக இருந்தது 66-க்கு மேல் உயர்ந்துள்ளது. குஞ்சு எட்டிப் பிடிக்கிறது. சவலை 90 கிராமே ஆகியிருப்பின், விகிதம் மாறாது பழைய நிலையிலேயே நிற்கிறது. அடையாளத்திற்குக் காலில் நூல் கட்ட வேண்டா. நீல மையை இறகில் தடவினால் போதும். சிவப்பு மை கூடாது. பிற குஞ்சுகள் அதனைக் கொத்தும்.

இரண்டு மூன்று வாரங்களில் விகிதம் உயர்ந்தால், இருட்டியபின் மற்றவற்றோடு கூட்டில் சேர்த்துவிடலாம். விடிந்தபின் பூசல் குறைவாயிருக்கும். உயராவிடினும் நோயற்று ஓடியாடுமாயின் வீட்டுத் தேவைக்கு வளர்ப்பதில் தடையில்லை. அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைத்தலாகாது. நாளுக்கு நாள் மெலிந்து எழமாட்டாது கிடப்பதை நீக்கி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். குப்பையில் எறிதல் கூடாது. ஒரே அடையில் இரண்டு மூன்று சவலைகள் தோன்றினால், குஞ்சை விடுத்துத் தீவன மூட்டையையும் கூளத்தையும் முதலிற் சோதித்து, எச்சத்தை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருந்தகம் செல்க.