மலைப் பாதை வியாபாரிக்கு ஏற்ற சீட்

துணி மூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போய், கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலிப்பது என் தொழில். ஒரு மழைக்காலத்தில் தூரத்து டிவிசன்கள் இரண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தாங்க முடியாத இடுப்பு வலி. வீட்டில் கேட்டபோது பாதை சரியில்லை என்றேன். உண்மையில் சரியில்லாதது நான் புதிதாக வாங்கிப் போட்ட சீட். அந்த டிவிசன்களில் நின்ற நிலுவையில் பாதி கைக்கு வரவேயில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் பழைய சைக்கிளையே பழுதுபார்த்து ஓட்டினோம். எஞ்சினுக்கும் டயருக்கும் நாலு பேரிடம் விசாரித்தோம். சீட்டை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கினோம்.

நானும் கடையில் பெருவிரலால் அமுக்கித்தான் பார்த்தேன். மெத்தென்று உள்ளே போனது. "இதுதான் நானா சொகுசு" என்றார் கடைக்காரர். மெதுவான ஸ்பொஞ்சு பத்து நிமிடத்துக்குத்தான் சுகம். பிறகு பாரத்தில் நசுங்கி, கீழேயுள்ள தட்டு இருப்பெலும்பில் இடிக்கும். நாம் உட்காரும்போது உடல் பாரம் பெரும்பாலும் அந்த இரண்டு எலும்புகளில்தான் இறங்குகிறது. ஆகவே விரலை விட்டுவிட்டு முழங்கையை ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். தட்டு தட்டுப்பட்டால் அது வேண்டாம். முதலில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும் அடர்த்தியான ஸ்பொஞ்சுதான் மாலை வரை தாங்கும்.

அடுத்தது சரிவு. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு வந்தால் 600 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம், பெரும்பாலும் பிரேக்கில் கைவைத்தபடி. சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு டேங்கில் போய் முட்டும். அதைக் கையால் தள்ளிப் பிடிப்பதில்தான் தோளும் மணிக்கட்டும் நோகின்றன. முன்பகுதியில் ஸ்பொஞ்சு ஒட்டி மட்டமாக்கச் சொல்லுங்கள். அதற்காக உயர்த்திக்கொண்டே போகவும் கூடாது. லயத்துக்கு ஏறும் கல்பாதையில் மூட்டையோடு நிறுத்தும்போது இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். மிக அகலமான சீட் தொடையை விரித்துக் காலின் எட்டத்தைக் குறைத்துவிடும்.

நம் பகுதி மழையைச் சொல்ல வேண்டியதில்லை. உட்காரும் இடத்தில் அலங்காரத் தையல் இருந்தால் ஊசித்துளை வழியே தண்ணீர் இறங்கும். ஸ்பொஞ்சு அதைக் குடித்துவிட்டு, வெயில் அடிக்கும் நாளிலும் கால்சட்டையை நனைக்கும். தையல் பக்கவாட்டில் இருக்கட்டும். ரெக்சீனுக்கு அடியில் ஒரு பொலித்தீன் விரிப்பு போடச் சொல்லுங்கள்.

ஒரு விடயம் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பழைய சீட்டின் அடித்தட்டு வெடிக்காமல் இருந்தால் அதை எறியாமல், குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து ஸ்பொஞ்சை மட்டும் மாற்றலாம். கொக்கியும் பூட்டும் அந்தச் சைக்கிளுக்கென்றே செய்தவை, பிசகாமல் உட்காரும். தட்டின் கீழுள்ள ரப்பர் கட்டைகள் விழுந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு நேரே முதுகுக்கு ஏறும். பின் ஷொக் எப்சோபர் செத்திருந்தால் எந்தச் சீட்டாலும் பயனில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

மூட்டையைச் சீட்டில் கட்டாமல் பின்னால் கெரியர் பொருத்திக் கட்டுகிறேன். நகர்ந்து உட்கார இடம் கிடைக்கிறது.

இப்போது அந்த இரண்டு டிவிசன்களுக்கும் மறுபடி போகிறேன். சில வீடுகளில் மட்டும் என்னிடம் எடுப்பதில்லை. நான் போகாத மாதங்களில் வேறொருவர் போயிருக்கிறார்.