பெரியவர்களுக்கும் பல் சீரமைப்பு உண்டு

"நிக்காஹ் முடிஞ்சு பிள்ளையும் பெத்தாச்சு, இனி எதுக்கு கிளிப்?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் நலமாக இருந்தால் நாற்பதிலும் பற்களை நகர்த்தலாம். வயது குறுக்கே நிற்பது மேலண்ணத்தை அகலப்படுத்துவதில்தான்.

மேல்தாடை குறுகியிருந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கமாகக் கடிக்கும். பிள்ளைகளுக்கு அண்ணத்தின் நடுக்கோடு இன்னும் இறுகியிருக்காது. எக்ஸ்பேண்டரைப் பற்களில் பொருத்தி, சாவியால் ஒருமுறை திருகினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். எலும்பு விலகுவதன் அடையாளம் அது, பயப்பட வேண்டாம்.

பதின்வயது கடந்தால் பலருக்கும் அந்தக் கோடு இறுகிவிடும். பிறகு பற்களில் மட்டும் மாட்டும் கருவி பெரும்பாலும் பற்களை வெளியே சாய்க்கும், ஈறும் இறங்கலாம். ஆகவே பெரியவர்களுக்கு அண்ண எலும்பிலேயே சிறு திருகாணிகள் பதித்தோ, அறுவை சிகிச்சையின் துணையோடோ விரிப்பார்கள். ஸ்கேன்கூட எடுக்காமல், "கழற்றி மாட்டும் தட்டு போதும், தாடை அகலமாகிவிடும்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டுமுன் இன்னொரு பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம்.

சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளிப்பைக் கழற்றிய பின் ரீடெய்னர் போடாவிட்டால் பற்கள் பழையபடி நகரும். செலவு விசாரிக்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.