காவல் நாய்களுக்கு ஒரே கொட்டிலா, தனிக் கொட்டிலா?

தென்னந்தோப்பு, ஆட்டுப் பட்டி, கோழிப் பண்ணை, பம்பு செட்டு ஆகியவற்றின் காவலுக்கு ஒரு நாய் போதாது என்று இரண்டு, மூன்று நாய்கள் வளர்க்கும் விவசாயிகள் பலர். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்கள் இப்பணிக்கு ஏற்றவை. நல்ல குட்டியைத் தேடி வாங்குவதில் காட்டும் அக்கறையை, அதை அடைத்து வைக்கும் இடத்தில் பலரும் காட்டுவதில்லை. எல்லா நாய்களையும் ஒரே கொட்டிலில் விட்டுத் தாழிட்டு விடுகிறார்கள். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் ஒரு நாய் காது கிழிந்து, கழுத்தில் ஆழமான பல் காயத்துடன் கிடக்கிறது. சில சமயம் இறந்தே கிடக்கிறது. “நேற்று வரை ஒன்றாகத்தானே இருந்தன” என்பதே அப்போது எல்லோரும் சொல்லும் சொல்.

நேற்று வரை ஒன்றாக இருந்ததும் உண்மை. இன்று சண்டை வந்ததும் உண்மை. இதற்கான காரணங்களை அறிந்து கொண்டால் இழப்பைத் தவிர்க்கலாம்.

சண்டை ஏன் வருகிறது?

குட்டிப் பருவத்தில் நாய்கள் ஒன்றோடொன்று விளையாடி, ஒரே தட்டில் தின்று வளரும். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் அவை மனத்தளவில் முதிர்ச்சி அடைகின்றன. தீனி, படுக்குமிடம், கதவோரம், எஜமானரின் அருகாமை ஆகியவற்றுக்குப் போட்டி தொடங்குவது இப்பருவத்தில்தான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் என்பதால் சண்டை வராது என்று நம்பக் கூடாது. உடன்பிறந்த இரு ஆண் நாய்களும், உடன்பிறந்த இரு பெட்டை நாய்களும் கடுமையாக மோதிக் கொள்வது உண்டு.

திறந்த வெளியில் தோற்கும் நாய் ஓடிப் போய்விடும். சண்டை அத்துடன் முடியும். பூட்டிய கொட்டிலில் தோற்கும் நாய்க்கு ஓட வழியில்லை. அதனால்தான் வெளியில் உறுமலோடு முடியும் சண்டை, கொட்டிலுக்குள் உயிரிழப்பில் முடிகிறது. மூன்று நாய்கள் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு மோதும்போது மூன்றாவதும், கீழே விழுந்த நாயின் மேல் பாய்வது வழக்கம்.

எந்த இணை ஒத்துப் போகும்?

ஒரு ஆணும் ஒரு பெட்டையும் பெரும்பாலும் ஒத்துப் போகும். ஆனால் பெட்டை ஆண்டுக்குச் சுமார் இரு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அதைத் தனியே அடைக்க வேண்டும். இல்லையேல் வேண்டாத சினை ஏற்படும். அண்ணனும் தங்கையும், தந்தையும் மகளும் இணைந்து பிறக்கும் குட்டிகளால் இனத்தின் தரமும் கெடும். குட்டி தேவையில்லை என்றால் கருத்தடை அறுவை செய்து விடுவது நல்லது.

இரண்டு ஆண் நாய்களை ஒரே கொட்டிலில் பூட்டக் கூடாது. அருகில் எங்கோ ஒரு பெட்டை பருவத்தில் இருந்தாலும் அவை ஒன்றையொன்று கடித்துக் கொள்ளும்.

இரண்டு பெட்டைகள் சாதுவாக இருக்கும் என்று எண்ணுவது தவறு. பெட்டைகளுக்குள் பகை ஏற்பட்டால் அது எளிதில் தணிவதில்லை. மீண்டும் மீண்டும் மோதும். சினையான பெட்டையின் சினைக் காலம் சுமார் 63 நாட்கள். ஈனுவதற்கு இரண்டு வாரங்கள் முன்பே அதைத் தனி அறைக்கு மாற்றி, குட்டிகள் பால் மறக்கும் வரை மற்ற நாய்கள் அணுகாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

இராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. செவிட்டு நாய்க்கு மற்றொரு நாயின் எச்சரிக்கை உறுமல் கேட்காது; விலகிப் போகாமல் கடிபடும். தூங்கும்போது வேறு நாய் இடித்தால் திடுக்கிட்டு எழுந்து கடிக்கவும் செய்யும். குட்டி வாங்கும்போது, அது பார்க்காத நேரத்தில் பின்புறமிருந்து கை தட்டிப் பார்க்க வேண்டும். செவிட்டு நாயை எப்போதும் தனியே அடைப்பதே பாதுகாப்பு.

தனி அறை வேறு, தனிமை வேறு

அப்படியானால் ஒவ்வொரு நாயையும் ஒவ்வொரு மூலையில் சங்கிலியில் கட்டி விடலாமா? கூடாது. நாய் கூட்டமாக வாழும் பிராணி. நாள் முழுவதும் ஒற்றையாகக் கட்டிக் கிடக்கும் நாய் ஓயாமல் குரைக்கும். காலை நக்கிப் புண்ணாக்கிக் கொள்ளும். அவிழ்த்து விட்டால் ஆளைக் கண்டு பாயும். வேலையாட்களையும் குழந்தைகளையும் கடிக்கும் நாய்களுள் இப்படிக் கட்டியே வளர்ந்தவை பல.

ஆகவே தனித்தனி அறை, ஆனால் பக்கத்துப் பக்கத்து அறை என்பதே சரியான முறை. தீனிக்கும் உறக்கத்துக்கும் ஆள் இல்லாத நேரத்துக்கும் தனி அறை. உலாவலுக்கும் காவலுக்கும் ஒத்துப் போகும் நாய்கள் மட்டும் சேர்ந்து வெளியே. இரவுக் காவலுக்கு இரண்டு நாய்களைச் சேர்த்து அவிழ்த்து விடுவதானால், முன்னதாகப் பல நாட்கள் பகலில் ஆள் முன்னிலையில் பழக்க வேண்டும். ஒத்துப் போகாத நாய்களை முறை வைத்து ஒரு நாளைக்கு ஒன்றாக விடலாம்.

கொட்டில் அமைப்பு

ஒரு நாய்க்கு 6 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள அறை போதும். இதில் 4 அடி நீளத்துக்குக் கூரை வேய்ந்து படுக்குமிடமாகவும், மீதியை நடமாடும் இடமாகவும் விடலாம். கூரைக்கு ஓலையோ ஓடோ ஏற்றது. தகரம் வெயிலில் காயும்.

இரு அறைகளுக்கு இடையே 4 அடி உயரம் வரை செங்கல் சுவர் இருக்க வேண்டும். கம்பி வலை மட்டும் இருந்தால் நாய்கள் வலை வழியாகவே ஒன்றையொன்று கடித்து, மூக்கையும் பல்லையும் கெடுத்துக் கொள்ளும். சுவருக்கு மேல் வலை அடித்து, மொத்த உயரம் 6 அடிக்குக் குறையாமல் அமைக்க வேண்டும். முன்புறம் கம்பிக் கதவு இருந்தால் நாய் தோட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கும்.

தரை சொரசொரப்பான சிமெண்டுத் தரையாக, தண்ணீர் வடிய வாட்டமாக இருக்கட்டும். படுக்கப் பலகையைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்திப் போட வேண்டும். சில நாய்கள் தாழ்ப்பாளைக் காலால் தள்ளித் திறந்து விடும். கொக்கி ஒன்றும் சேர்த்து மாட்டுவது நலம்.

தனி அறையினால் மற்றொரு நன்மை

ஒரே தட்டில் தீனி வைத்தால் வலிய நாய் தின்று கொழுக்கும். எளிய நாய் மெலியும். எந்த நாய் தீனியை விட்டது, எதற்குக் கழிச்சல் கண்டது என்பதும் தெரியாது. பெரும்பாலான நோய்களின் முதல் அறிகுறி தீனி எடுக்காமைதான். தனி அறையில் இது அன்றைக்கே தெரிந்து விடும்.

புதிதாக வாங்கி வரும் நாயை மூன்று வாரங்கள் தொலைவில் தனியே வைத்திருந்து, பிறகே மற்றவற்றின் அருகில் கொண்டு வர வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கழிச்சல் நோயின் கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் தவணையில் தவறாமல் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் கூறும் ஊக்குவிப்பு ஊசியுடன், பிறகு ஆண்டுதோறும் போடுவது இன்றியமையாதது.

சண்டை மூண்டு விட்டால்

எக்காரணம் கொண்டும் நடுவில் கையை நீட்டக் கூடாது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுப்பதும் ஆபத்து. சொந்த நாயே ஆனாலும் அந்த வெறியில் ஆள் தெரியாது. வாளித் தண்ணீரை முகத்தில் வேகமாக ஊற்றலாம். இரண்டுக்கும் நடுவே பலகையைச் செருகலாம். பெரியவர்கள் இருவர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்து ஒரே நேரத்தில் பின்னுக்கு இழுக்கலாம். பிரித்தவுடன் தனித்தனி அறையில் பூட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் காயம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகச் சீழ் கோக்கும்.

மனிதரைப் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். ‘நம் வீட்டு நாய்தானே’ என்று இருந்து விடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றி விட்டால் உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

ஓர் அறைக்கு ஆகும் செங்கல், வலை, கூலிச் செலவு ஒரு முறைச் செலவு. நல்ல காவல் நாயை வளர்த்துப் பழக்கி எடுக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். அடுத்த நாயை வாங்கும் முன் அதற்கான அறையைக் கட்டி முடித்து விடுவதே முறை. கட்ட இடமோ வசதியோ இல்லை என்றால் ஒரு நாயோடு நிறுத்திக் கொள்வது நல்லது. நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு நாயின் காவல், ஒன்றையொன்று கடித்துக் கிடக்கும் மூன்று நாய்களின் காவலை விட மேலானது.