புதிய இனமொன்றை விபரித்தல்: வறள்நிலக் காட்டுத் தேனீ ஓர் உதாரணம்



"தேனீயொன்றை விபரிக்குக" என்று கேட்டால் உங்களில் அநேகர் எழுதும் விடை இதுதான்: "தேனீ சிறியது. அதற்கு ஆறு கால்களும் நான்கு சிறகுகளும் உண்டு. அது பூக்களை நாடிச் செல்லும்." இவ்வசனங்களில் பிழை இல்லை. ஆயினும் இதற்கு முழுப்புள்ளி கிடைக்காது. உலகில் இதுவரை 20,000 இற்கும் மேற்பட்ட தேனீ இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ளது. நீங்கள் எழுதியது அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடை எதனையும் விபரிப்பதாகாது.

நினைவிற் கொள்க: ஓர் இனத்தை விபரித்தல் என்பது, அதனை மிகவும் ஒத்திருக்கும் ஏனைய இனங்களிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுதல் ஆகும்.

கலைப்பட்டதாரியான எனக்கு இப்பகுதி பிடித்தமானது. விஞ்ஞானம் இவ்விடத்தில் மொழியை நம்பியிருக்கின்றது. சொல் தவறினால் இனமும் தவறிவிடும்.

1. வறள்நிலமும் தேனீக்களும்

உயிரினங்கள் மழைக்காடுகளிலேயே மிகுதி என்று படித்திருப்பீர்கள். பல கூட்டங்களுக்கு அது உண்மை. தேனீக்களோ இதற்கு விதிவிலக்கு. வறண்ட, அரைவறள் பிரதேசங்களிலேயே தேனீ இனங்கள் அதிகமாகக் காணப்படுகின்றன. இதற்கு இரு காரணங்களைக் குறிப்பிடலாம்.

(அ) பெரும்பாலான தேனீக்கள் கூட்டமாக வாழ்வதில்லை. பெண் தேனீ தனித்து நிலத்திலோ துளையிலோ கூடமைத்து, குஞ்சுக்கு வேண்டிய மகரந்தத்தைச் சேமிக்கும். ஈரம் மிகுந்த மண்ணில் அவ்வுணவு பூஞ்சணம் பிடிக்கும். வறண்ட மண்ணில் அது பழுதடைவது குறைவு.

(ஆ) வறள்நிலத்தில் மழைக்குப் பின் செடிகள் குறுகிய காலத்தில் ஒருமித்துப் பூக்கும். அக்காலத்துக்கேற்பத் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பல தேனீ இனங்கள் அங்கு தோன்றியுள்ளன.

2. ஓர் உண்மை நிகழ்வு

மேற்கு அவுஸ்திரேலியாவின் கோல்ட்பீல்ட்ஸ் பிரதேசம் பொன் அகழப்படும் வறண்ட நிலமாகும். அங்குள்ள நோர்ஸ்மன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. யாழ்ப்பாணத்தில் இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெய்யும்.

இப்பிரதேசத்தின் பிரெமர் மலைத்தொடரில் மட்டும் வளரும் ஒரு காட்டுப் பூச்செடி மரியாந்தஸ் அக்குவிலொனேரியஸ் ஆகும். இது அற்றுப்போகும் நிலையை நெருங்கிவிட்ட தாவரம். 2019 ஆம் ஆண்டு, இப்பூவை நாடிவரும் பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்த கேர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர் கலாநிதி கிட் பிரெண்டர்காஸ்ற், முகத்தில் இரு சிறு கொம்புகளையுடைய பெண் தேனீயொன்றைக் கண்டார். கொம்பின் நீளம் சுமார் 0.9 மில்லிமீற்றர் மட்டுமே. ஆண் தேனீக்குக் கொம்பு இல்லை. மாடு, மான் முதலியவற்றில் கொம்பு ஆணுக்குச் சிறப்பாக இருப்பதை அறிவீர்கள். இங்கு நிலைமை மறுதலையாக உள்ளது.

2025 நவம்பரில் இவரும் ஜொசுவா கம்பல் என்னும் ஆய்வாளரும் இதனைப் புதிய இனமாக விபரித்து ஆய்வுச் சஞ்சிகையில் வெளியிட்டனர். வைக்கப்பட்ட பெயர் மெகாகைலீ லூசிபர். கண்டதற்கும் பெயரிட்டதற்கும் இடையில் ஆறு ஆண்டுகள் சென்றுள்ளன. அவ்வாண்டுகளில் செய்யவேண்டியிருந்த வேலை எத்தகையது என்பதைக் கீழே பார்ப்போம்.

3. விபரித்தலின் படிமுறைகள்

(i) சேகரித்தல்: மாதிரியுடன் இடம், திகதி, சேகரித்தவர், எப்பூவில் இருந்தது என்பன எழுதிய சிட்டை இணைக்கப்படும். சிட்டை இல்லாத மாதிரி விஞ்ஞானத்துக்குப் பெரிதும் பயன்படாது.

(ii) ஒப்பிடுதல்: அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளோடும், ஏற்கெனவே வெளியான விபரணங்களோடும் ஒப்பிடப்படும். கொம்புத் தேனீ அவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை.

(iii) ஆணையும் பெண்ணையும் இணைத்தல்: கொம்புள்ளதும் கொம்பில்லாததும் ஒரே இனமா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க இயலாது. டி.என்.ஏ. ஒப்பீடு இரண்டும் ஒரே இனம் என்பதை உறுதிசெய்தது. தரவுத்தளத்தில் இருந்த வேறெந்தத் தேனீயோடும் அது பொருந்தவில்லை என்பதையும் காட்டியது.

(iv) எழுதுதல்: உடல் நீளம், நிறம், மயிர்களின் அமைப்பு, சிறகு நரம்புகள், முகத்தின் வடிவம் முதலியன அளவுகளோடும் படங்களோடும் எழுதப்படும்.

(v) மூலமாதிரி: தெரிவுசெய்யப்பட்ட ஒரு தனி மாதிரி அப்பெயருக்கு நிரந்தரச் சான்றாக அருங்காட்சியகத்தில் வைக்கப்படும். பிற்காலத்தில் ஐயம் ஏற்படின் அதனையே எடுத்துப் பார்ப்பர்.

(vi) வெளியிடுதல்: பெயரும் விபரணமும் விதிப்படி வெளியிடப்படவேண்டும். வெளியிடப்படாத பெயர் பெயராகாது.

4. பெயர் எழுதும் விதிகள்

விலங்குகளின் இருசொற் பெயரீடு லினேயஸ் 1758 இல் வெளியிட்ட நூலிலிருந்து கணக்கிடப்படுகின்றது. முதற்சொல் சாதி, இரண்டாவது சொல் இனம். மெகாகைலீ என்பது கிரேக்கத்தில் "பெரிய உதடு" எனப் பொருள்படும். லூசிபர் என்பது இலத்தீனில் "ஒளி கொணர்வது" எனப் பொருள்படும். கொம்புள்ள சாத்தானுக்கும் அதே பெயர் வழங்குவதால் அது இரட்டிப்பாகப் பொருந்திற்று.

இலங்கையிலிருந்தும் ஓர் உதாரணம் தருகிறேன். கொட்டாத சிறிய தேனீயைச் சிமித் என்பவர் 1854 இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விபரித்தார். இன்று அதன் பெயர் தெத்திராகொனூலா இரிடிபெனிஸ் (சிமித், 1854) என எழுதப்படும். இரிடிபெனிஸ் என்றால் வானவில் சிறகுடையது. சிமித்தின் பெயர் ஏன் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றது? அவர் முதலில் வைத்த சாதி திரைகோனா. பின்னர் இனம் வேறு சாதிக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்தையே அடைப்புக்குறி காட்டுகின்றது.

5. பெயரிடாவிட்டால் என்ன?

மாணவர்கள் விடையில் அதிகம் தவறவிடும் பகுதி இதுவாகும். கொம்புத் தேனீயும் அந்தப் பூச்செடியும் ஒரே சிறிய இடத்தில் வாழ்கின்றன. அவ்விடம் குழப்பப்பட்டால் இரண்டும் ஆபத்துக்குள்ளாகலாம். சுரங்கக் கம்பனிகள் பல இன்னமும் சுதேசத் தேனீக்களைக் கணக்கெடுப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய பிரெண்டர்காஸ்ற், அந்நிலத்தைப் பாதுகாப்பு நிலமாக்குமாறு கோரினார்.

சட்டம் உயிரினங்களைப் பெயர் சொல்லியே பாதுகாக்கின்றது. எமது நாட்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைகளும் பெயர்ப் பட்டியல்களே. ஆகவே பெயரில்லாத உயிரினம் அழியுமாயின், அழிந்ததென்று எழுதுவதற்குக்கூட ஒரு சொல் இருக்காது.

6. நமது சூழலில்

பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனோகா கருணாரத்ன முதலியோர் 2006 இல் வெளியிட்ட பட்டியலில் இலங்கைத் தேனீக்கள் 148 இனங்கள் இடம்பெற்றன. தேன்வதை கட்டும் தேனீக்கள் அவற்றுட் சிலவே.

நல்லூரில் நீங்கள் இருக்கும் வளவையே கவனியுங்கள். றோசா இலையின் ஓரத்தை வட்டமாக நறுக்கிச் செல்வது மெகாகைலீ சாதியைச் சேர்ந்த இலைவெட்டித் தேனீ. கொம்புத் தேனீயின் உறவினர் அது. கொட்டிலின் வளையில் துளையிட்டு உங்கள் கொப்பியில் மரத்தூள் கொட்டும் பெரிய கருவண்டும் தேனீதான்.

பயிற்சி வினாக்கள்

1. மூலமாதிரி என்றால் என்ன? அதன் பயன் யாது?
2. கொம்புத் தேனீயின் ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்பது எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது?
3. வறள்நிலத்தில் தேனீ இனங்கள் மிகுந்திருப்பதற்கு இரு காரணங்கள் தருக.
4. "இனமொன்றுக்குப் பெயரிடுதல் அதனைப் பாதுகாப்பதன் முதற்படியாகும்." உதாரணத்துடன் விளக்குக.

குறிப்பு: கையால் எழுதும்போது விஞ்ஞானப் பெயரின் இரு சொற்களுக்கும் தனித்தனியே கீழ்க்கோடிடுக.

செயற்பாடு: ஒரு வாரம் காலையில் ஒரே பூச்செடியின் அருகில் நின்று, அதற்கு வரும் தேனீயொன்றைப் பிடிக்காமல் பார்த்து ஐந்து இயல்புகளை எழுதுக. தேன்வதைக்குக் கிட்டப் போகவேண்டாம். எழுதியதை உங்கள் நண்பரிடம் கொடுங்கள். அவர் அதை மட்டும் வாசித்து, அச்செடிக்கு வரும் பல பூச்சிகளுள் அத்தேனீயைச் சரியாகக் காட்டினால் உங்கள் விபரணம் வெற்றி. வேறொன்றைக் காட்டினால், எந்தச் சொல் போதவில்லை என்று பார்த்து மீண்டும் எழுதுங்கள்.