பாலைவனத்தில் பெட்டி வீடு

கேள்வி: தொழிற்சாலையில் வார்த்து, கொண்டுபோய்ப் பூட்டும் ரெடிமேட் வீடுகள் பாலைவன வெயிலைத் தாங்குமா?

பதில்: சுவரைப் பொறுத்தது. 1964-இல் கெய்ரோ கட்டட ஆராய்ச்சி மையத்தில் மாதிரி அறைகளைக் கட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி அதை எழுதி வைத்திருக்கிறார். 50 செ.மீ. கனத்தில் சுடாத மண்கல் சுவரும் வளைகூரையும் உள்ள அறையில், நாள் முழுக்க வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கவில்லை. 10 செ.மீ. கான்கிரீட் பலகைகளைப் பூட்டிய அறையோ 36 டிகிரியைத் தொட்டது. வெளியே இருந்ததைவிட 9 டிகிரி கூடுதல்! அதுவும் மார்ச் மாதத்தில். (ஏ.சி. விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?)

பெட்டி வீடுதான் என்று முடிவெடுத்துவிட்டால், பலகைக்குள் வெப்பத்தடுப்பு நுரை, வெளியே வெள்ளைப் பூச்சு, காற்றோட இடைவெளி விட்டு இரட்டைக் கூரை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்க மட்டும் விடாதீர்கள்.